கேமராவுக்குச் சந்தனம்

அணைக்க வேண்டாம் சார். உங்கள் போனில் அந்தப் பொண்ணு பேசட்டும். "முன்னால் வேகக் கேமரா உள்ளது" என்று அது சொன்னதும் நீங்கள் சத்தத்தைக் குறைக்கப் போனீர்கள், அதனால்தான் கையை நீட்டிவிட்டேன். மன்னிக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் கையை நான் தொட்டது இது இரண்டாவது முறை. முதல் முறை இன்று காலையில், கோர்ட்டில். அதைப் பிறகு சொல்கிறேன்.

கிளாம்பாக்கத்தில் பஸ் கிளம்பியதிலிருந்து அந்தப் பொண்ணு ஆறு தடவை சொல்லிவிட்டது. ஆறாவது தடவையில்தான் எனக்குப் பேசத் தைரியம் வந்தது.

சாதாரணமாக நான் பேசுகிற ஆள் இல்லை. எட்டாவது வரை படித்தேன். வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால் எழுதிக் காட்டுகிறேன் என்பேன். வாலிபத்தில் மூன்று இடத்தில் பெண் பார்த்தார்கள். மூன்று வீட்டிலும் நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது வீட்டில் எனக்குப் பேச்சு வராது என்றே முடிவு செய்து, ஈரோட்டில் ஒரு வைத்தியரின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார்கள். அதோடு நிறுத்திக்கொண்டேன். இப்போது அறுபத்தெட்டு. இன்றைக்கு என்னவோ வாய் மூட மாட்டேன் என்கிறது. கோர்ட்டை விட்டு வந்ததிலிருந்து கால் தரையில் பாவவில்லை. நீங்கள் உளுந்தூர்பேட்டைக்கு டிக்கெட் கேட்டது காதில் விழுந்தது. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. போதும்.

என் பெயர் குழந்தைவேலு. சேலம் தாண்டி நாமக்கல் போகிற வழியில் ஒட்டங்காடு பிரிவு என்று ஒரு நிறுத்தம். அங்கே வண்டி ஸ்டாண்டு வைத்திருக்கிறேன். ஊருக்குள்ளிருந்து பைக்கிலும் சைக்கிளிலும் வருகிறவர்கள் என்னிடம் வண்டியை விட்டுவிட்டு, டோக்கன் வாங்கிக்கொண்டு, பஸ் பிடித்து வேலைக்குப் போவார்கள். காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை ஒரே நாற்காலி, ஒரே ரோடு. எதிர்ப்பக்கம் வசந்தாமணி அம்மாவின் டீக்கடை. நடுவில் நாலு வழிச் சாலை. மேம்பாலம் கேட்டு ஊரில் மூன்று மனு கொடுத்தோம். மூன்றுக்கும் ரசீது என்னிடம் இருக்கிறது. பாலம்தான் இல்லை.

எனக்கு ஒரு நாளைக்கு நாலு டீ. ஏழு மணி, பத்தரை, இரண்டு, நாலரை. நாலையும் அந்த அம்மாவே கொண்டுவருவார். பாதி ரோட்டைக் கடந்து நடுத்திட்டில் ஏறி நிற்பார். மீதிப் பாதியில் வண்டி எப்போது ஓயும் என்று பார்த்து இறங்குவார். அந்த நடுத்திட்டில்தான் எல்லா வம்பும். எங்கள் பக்கம் வருகிற வண்டி எல்லாம் ஏற்றத்திலிருந்து இறங்கி வருகிறவை. நூறில் வரும், நூற்றிருபதில் வரும். நிற்கிறவரை மனிதராகவே நினைக்காது.

போன வைகாசியில் ஒரு நாள் அவர் காலை எடுத்து வைத்ததும் ஒரு வெள்ளைக் கார் வந்துவிட்டது. முந்தானை அந்தக் காரின் கண்ணாடியில் உரசியது. டம்ளர் எங்கேயோ பறந்தது. அவர் நடுத்திட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் இந்தப் பக்கம் நின்றேன். கூப்பிடவில்லை. குரல் வரவில்லை. ஏழு நிமிடம் அவர் உட்கார்ந்திருந்தார், ஏழு நிமிடம் நான் நின்றிருந்தேன். அப்புறம் எழுந்தார், கடைக்குத் திரும்பிப் போனார், இன்னொரு டீ போட்டு மறுபடியும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஆறிப்போனா நீங்க குடிக்க மாட்டீங்களே, ஸ்டாண்டுக்காரரே" என்றார்.  டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். 

மறுநாள் ஜூன் ஒன்று. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். கோடு போட்டுக் கட்டம் கட்டினேன். தேதி, எத்தனையாவது டீ, நடுத்திட்டில் எத்தனை வினாடி நின்றார். அவ்வளவுதான். என்னால் சத்தம் போட முடியாது, ரோட்டை மறிக்க முடியாது. எண்ண முடியும்.

முதல் முப்பத்தொன்பது நாள் சராசரி மூன்று நிமிடம் ஐம்பது வினாடி. பெருக்கி வகுத்து இரண்டு தடவை சரிபார்த்தேன்.

ஜூலை பத்தாம் தேதி ஸ்டாண்டுக்கு அந்தாண்டை ஒரு கம்பம் நட்டு, அதில் பெட்டி மாதிரி ஒரு கேமரா வைத்தார்கள். வேகமாக வருகிற வண்டியைப் படம் பிடிக்குமாம். படம் பிடிக்கிறபோது உள்ளே ஒரு வெளிச்சம் வெட்டும். ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். நானும் நோட்டில் வெட்டுக்கு ஒரு கட்டம் சேர்த்தேன். நாளுக்கு அறுபது வெட்டு, எழுபது வெட்டு. ஆனால் நடுத்திட்டில் நிற்கிற நேரம்? மூன்று நிமிடம் நாற்பத்திரண்டு வினாடி. எட்டு வினாடிதான் குறைந்தது, சார். நாற்பத்தொரு நாள் பார்த்தேன், அதேதான்.

ஏன் என்று யோசித்தேன். அபராதச் சீட்டு பத்து நாள் கழித்து வீட்டுக்கு வருகிறது. வண்டி இப்போதே வருகிறது. நடுத்திட்டில் நிற்கிறவருக்கு அந்தச் சீட்டால் என்ன பிரயோஜனம்?

ஆகஸ்ட் இருபதாம் தேதி, கோழித்தீவனக் கம்பெனி சூப்பர்வைசர் ஸ்டாண்டுக்கு வந்தார். அவர் பைக்கில் போனை மாட்டியிருப்பார். அதிலிருந்து ஒரு பெண் குரல், "முன்னால் வேகக் கேமரா உள்ளது" என்றது. என்ன இது என்று கையால் கேட்டேன். வழி காட்டுகிற ஆப்பாம், கேமரா இருக்கிற இடத்தை எல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுமாம், எங்கள் கேமராவையும் இப்போது சேர்த்துவிட்டார்களாம். அன்றிலிருந்து ஏற்றத்திலிருந்து இறங்குகிற வண்டி ஒவ்வொன்றும் பிரிவுக்கு முன்னால் இருக்கிற புளியமரத்துக்கிட்டே பெருமூச்சு விட்டமாதிரி வேகம் குறைந்து வந்தது. அந்த வாரச் சராசரி நாற்பத்தெட்டு வினாடி.

நாற்பத்தெட்டு வினாடி, சார். டீயில் ஆடை கட்டுவதற்கு முன்னாலேயே கைக்கு வந்துவிட்டது. அது தெரியாமல் முதல் நாள் வழக்கம்போல ஒரே மடக்காகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். மூன்று நாள் ருசி தெரியவில்லை. அப்படி ஒரு சந்தோஷம்.

ஆனால் தப்பு பண்ணினேன். புண்ணியம் யாருக்குச் சேர வேண்டுமோ அந்தப் பொண்ணுக்குக் கொடுக்காமல் கேமராவுக்குக் கொடுத்துவிட்டேன். நான் மட்டுமா, ஊரே கொடுத்தது. பெட்டிதான் காப்பாற்றுகிறது என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அக்டோபர் ஒன்றாம் தேதி ஆயுத பூஜை. காற்றடிக்கிற பம்புக்கு, டோக்கன் பலகைக்கு, பூட்டுக்கு எல்லாம் பொட்டு வைத்தேன். எதிர்ப்பக்கம் அந்த அம்மா பாய்லருக்கு மாலை போட்டார். ஏழு மணி டீயோடு ஒரு கிண்ணத்தில் சந்தனமும் கொண்டுவந்தார். "ஞாயித்துக்கெழமைகூட லீவு இல்லாம வேலை செய்யுது, அதை மட்டும் விட்டுட்டா நல்லா இருக்குமா?" என்று கேட்டு, கம்பத்தைக் காட்டினார்.

நியாயமான கேள்வி. எட்டுப் படி ஏணி ஒன்று இரவல் வாங்கி ஏறினேன். ஏறின பிறகுதான் சிக்கல் தெரிந்தது. பொட்டை நெற்றியில்தானே வைக்க வேண்டும். பெட்டிக்கு நெற்றி எது? சுற்றிலும் தகடு. முன்னால் அந்தக் கண்ணாடி ஒன்றுதான் முகம் மாதிரி இருந்தது. அதில் நடுவாக, வட்டமாக, மூன்று விரல் அகலத்துக்குச் சந்தனம் வைத்தேன். நல்ல கெட்டிச் சந்தனம். மேலே குங்குமம். கீழே நின்று பார்த்த வசந்தாமணி அம்மா இடது பக்கம் கொஞ்சம் கோணல் என்றார். சரிசெய்யப் போய் இன்னும் பெரிதாகிவிட்டது.

அன்றைக்கு ஒரு வெட்டுகூட இல்லை. மறுநாளும் இல்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பூஜையின் பலன் என்று நினைத்தேன். நாலு நாள் அப்படி நினைத்தேன். ஐந்தாம் நாள் ஒரு சிவப்பு ஜீப் சத்தியமாக நூற்றுநாற்பதில் போயிற்று. பெட்டி சும்மா இருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஏறிப் பொட்டு வைத்தது கண்ணில்.

மழை கழுவிவிடும் என்று பார்த்தால், கண்ணாடிக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு தகடு. ஒரு சொட்டு படவில்லை. நானே ஏறித் துடைத்திருக்கலாம். துடைக்கவில்லை. பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், டீ அதே நாற்பத்தைந்து, நாற்பத்தாறு வினாடியில் வந்துகொண்டிருந்தது. கண் மூடின கேமராவுக்கு எப்படி வண்டி பயப்படுகிறது? பெட்டிக்கு இல்லை, அந்தப் பொண்ணின் வாய்க்குத்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நோட்டில் அக்டோபர் ஒன்றுக்கு நேரே "கண் மூடியது" என்று எழுதினேன். எண்ணுகிறவன் உள்ளதை எழுத வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் அந்தச் செய்தி. சூப்பர்வைசர் பேப்பரைக் கொண்டுவந்து படித்தார். ஆப்பில் கேமராவை முன்கூட்டிச் சொல்வதைத் தடை செய்ய வேண்டும் என்று ஒருவர் ஐகோர்ட்டில் வழக்கு போட்டிருக்கிறார். திருடனுக்கு, போலீஸ் வருகிறது என்று சைகை காட்டுவதும் இதுவும் ஒன்று என்பது அவர் கட்சி. ஆப்புக்காரர்கள் கட்சி வேறே. வளைவு வருகிறது என்று போர்டு வைக்கிறீர்களே, நாங்கள் அதைத்தான் வாயால் சொல்கிறோம் என்கிறார்கள். ஸ்டாண்டில் அன்று பெரிய வாக்குவாதம். எதிரே வருகிற லாரிக்காரன் லைட்டைச் சிமிட்டி, போலீஸ் நிற்கிறது என்று சொல்கிறானே, அவனையும் பிடித்து உள்ளே போடுவாயா என்று ஒருவர். போட வேண்டியதுதான் என்று இன்னொருவர். எனக்கு இரண்டும் காதில் ஏறவில்லை. அந்தப் பொண்ணு வாயை மூடினால் மறுபடியும் மூன்று நிமிடம் ஐம்பது வினாடி. அதுதான் எனக்குத் தெரிந்த சட்டம். அன்று நாலரை டீயைக் குடிக்கவே முடியவில்லை. வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கோர்ட் என்ன செய்தது, ஒரு வக்கீலம்மாவை ஆணையராகப் போட்டு, கேமரா இருக்கிற சில இடங்களை நேரில் பார்த்துவிட்டு வரச் சொன்னது. ரெஜினா மேரி என்று பெயர். நவம்பர் பதினொன்றாம் தேதி எங்கள் பிரிவில் வந்து இறங்கினார். கூட இரண்டு தரப்பு வக்கீல்கள், ஒரு இன்ஸ்பெக்டர், போட்டோ எடுக்கிறவர். நான் டோக்கன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வசந்தாமணி அம்மா ரோட்டைக் கடந்து வந்து கதவைத் தட்டினார். "வெளிய வாங்க. ஆறு மாசமா எழுதினீங்களே, அலமாரிக்குப் படையல் வைக்கவா?" என்று கேட்டார். ஆறு மாதம் இல்லை, ஐந்து மாதம் பத்து நாள். அதைத் திருத்துவதற்காகத்தான் கதவைத் திறந்தேன்.

வக்கீலம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தார்.  அக்டோபருக்கு வந்ததும் விரல் நின்றது. கண் மூடியது என்று எழுதியிருக்கிறீர்களே, யாருடைய கண் என்று கேட்டார்.

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. சொன்னால் அந்த வரி பொய். அந்த வரி பொய் என்றால் மீதி எண் எதற்கு? கையால் கேமராவைக் காட்டினேன். பிறகு சந்தனம் என்றேன். பிறகு நான் என்றேன். இரண்டு வார்த்தையில் முடிந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் அண்ணாந்து பார்த்தார். அரசுச் சொத்தைச் சேதப்படுத்தினால் என்ன ஆகும் தெரியுமா என்று ஆரம்பித்தார். அப்போது வசந்தாமணி அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"சந்தனம் அரைச்சது நானுங்க. கோணலா இருக்குன்னு பெருசு பண்ணச் சொன்னதும் நான்தானுங்க. எழுதறதா இருந்தா என் பேரை மொதல்ல எழுதுங்க."

வக்கீலம்மா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். இருமல் என்று நினைத்தேன். ஏணி வரவழைத்தார்கள். ஈரத் துணியோடு நானே ஏறித் துடைத்தேன். இறங்குவதற்குள் இரண்டு வெட்டு. அதையும் எழுதினேன்.

அன்று வக்கீலம்மா பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். கேமராவுக்குக் கண் இருந்து, அந்தப் பொண்ணு பேசாத நாள் நாற்பத்தொன்று. அந்தப் பொண்ணு பேசி, கேமராவுக்குக் கண் இல்லாத நாள், அதுவும் நாற்பத்தொன்று. நானாக உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தால்கூட இப்படி அமையாது, சார். முதலாவதில் மூன்று நாற்பத்திரண்டு. இரண்டாவதில் நாற்பத்தாறு வினாடி. அவர் என்னைப் பார்த்த பார்வையில், எட்டாவதோடு நிறுத்தினதற்கு முதல் தடவையாக வருத்தப்பட்டேன்.

இன்று கோர்ட்டுக்கு வரச் சொல்லித் தகவல் வந்தது. வசந்தாமணி அம்மாவும் வந்தார், சந்தனத்துக்காக. நீதிபதி அறிக்கையைப் படித்தார். நாற்பத்தொரு நாள் அந்தக் கேமரா ஒரு படமும் அனுப்பவில்லையே, உங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லையா என்று அரசு வக்கீலைக் கேட்டார். அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் மின்விசிறியைப் பார்த்தார். எனக்கு அங்கேயே பாதி உயிர் வந்துவிட்டது.

அப்புறம்தான் வழக்கு போட்டவரின் வக்கீல் எழுந்தார். உயரமானவர், குரலும் உயரம். கேமராவைத் தாண்டினதும் வண்டிகள் மறுபடி வேகம் எடுக்கின்றனவே என்றார். அதையும் எண்ணியிருக்கிறேன், நூற்றில் முப்பத்தேழு வேகம் எடுக்கிறது, ஆனால் அங்கே ரோட்டைக் கடக்கிறவர் யாரும் இல்லை. அறிக்கையில் அது இருந்தது. உடனே அவர் வேறு பக்கம் பிடித்தார். நோட்டில் அறுநூற்றைம்பத்திரண்டு பதிவு. அறுநூற்றைம்பத்திரண்டும் ஒரே பெண்மணி. தினமும் எத்தனையோ பேர் கடக்கிற இடத்தில் இவர் ஏன் ஒருவரை மட்டும் எண்ணினார்? இதை எப்படிச் சாட்சியமாக எடுப்பது என்று கேட்டார்.

வலுவான கேள்விதான் சார். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். வக்கீலம்மா முகம் வாடிவிட்டது. இந்த இடத்தில் எல்லாம் கவிழ்ந்துவிடும் என்று எனக்கே தெரிந்தது. நீதிபதி என்னைப் பார்த்தார். "பெரியவரே, அங்கிருந்தே சொல்லுங்கள். மற்றவர்களை ஏன் எண்ணவில்லை?"

எழுந்து நின்றேன். பக்கத்தில் நின்ற டவாலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் விடுவிக்கப் பார்த்தார், நான் விடவில்லை. சுவரில் கடிகாரம் இருந்தது. பதினெட்டு வினாடி பேச்சு வரவில்லை. அப்புறம் வந்தது.

"மத்தவங்க கடக்கறப்போ எனக்கு மூச்சு நிக்கறதில்லைங்க ஐயா. அதனால எண்ணத் தோணலைங்க."

 முதலில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும். கெட்ட சிரிப்பு இல்லை. அந்த உயரமான வக்கீலே குனிந்து காகிதத்தை அடுக்க ஆரம்பித்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, மேலே போகலாம் என்றார்.

எதற்குச் சிரித்தார்கள் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. நான் உள்ளதைத்தான் சொன்னேன். அவர் கையில் சூடான டீ இருக்கும். வேறு யார் கையில் டீ இருக்கிறது? அதுதான் காரணம். அதை விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன், டவாலி உட்காரச் சொல்லிவிட்டார்.

உத்தரவு என்ன என்றால், கடைசித் தீர்ப்பு வரும்வரை அந்தப் பொண்ணு பேசலாம். அதோடு எங்கள் பிரிவில் நாலு வாரத்துக்குள் பெரிய எழுத்தில் போர்டு, மஞ்சள் விளக்கு, வெள்ளைக் கோடு எல்லாம் போட வேண்டும். அடுத்த விசாரணை பிப்ரவரியில். எனக்கு ஒரு அறிவுரை. இனிமேல் பூஜையைச் சொந்தப் பொருள்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றார்கள். சரிங்க என்றேன்.

வெளியே வந்ததிலிருந்து நான் பறந்துகொண்டிருக்கிறேன். ஆனால் வசந்தாமணி ஒரு வார்த்தை பேசவில்லை. வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிறவர். டவுன் பஸ்ஸில் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். கோர்ட்டில் பெயர் அடிபட்டது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். கிளாம்பாக்கத்தில் இந்த பஸ்ஸுக்கு நிற்கிறபோதுதான் பேசினார்.

"இனிமே டீ நான் கொண்டாரமாட்டேன்" என்றார்.

 இவ்வளவும் ஜெயித்து என்ன, சார்?

"நீங்க இந்தப் பக்கம் வாங்க. நாலு வேளையும் கடைக்கு வந்து குடிங்க. நோட்டை எங்கிட்டக் குடுத்துருங்க. இனி நான் எண்ணிக்கறேன்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டார்.

முழங்கால் வலியாக இருக்கும். வயது ஐம்பத்தொன்பது ஆகிறது. அது பரவாயில்லை, நடந்து போய்விடலாம். ஆனால் அந்தக் கடை பெஞ்சில் ஏழு பேர் உட்காருவார்கள். ஏழு பேரும் பேசுகிறவர்கள். நான் எங்கே உட்காருவது, என்ன சொல்லி உட்காருவது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தெரியவில்லை. நோட்டு இதோ பையில்தான் இருக்கிறது. அதைக்கூடக் கொடுக்கவில்லை.

ஆமாம் சார், இதே பஸ்தான். முன்னால் பெண்கள் வரிசையில், மூன்றாவது சீட்டில், அரக்குச் சேலை. தூங்கவில்லை. பெண்கள் பக்கம் இடம் இருக்கிறது, ஆண்கள் பின்னால் போங்கள் என்று கண்டக்டர் சொன்னார், நானும் வந்துவிட்டேன்.

உளுந்தூர்பேட்டை பாலம் தெரிகிறது. நீங்கள் இறங்கினால் இந்த இடம் காலி. சேலம் போக இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. ஒரு சின்ன உதவி. பின்னால் ஒரு இடம் இருக்கிறது என்று அவரிடம் ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். நான் சொன்னதாக வேண்டாம். பின்படிதான் உங்களுக்குப் பக்கம், தெரியும். சிரமம் பார்க்காமல் முன்படி வழியாக இறங்குங்கள், சார்.